பெயர் தெரியாத நாடகத்துக்கு வந்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை எழும்பூர் மியூசியம் தியேட்டரில் எங்கள் புது நாடகம் நல்லபடியாக அரங்கேறியது. நாடகம் முடிந்து மைக்கைப் பிடிப்பதற்குள் ஹாலைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள், அதனால் மேடையில் சொல்ல விட்டுப்போன நன்றியெல்லாம் இங்கே.

முதல் நன்றி சாலிகிராமம் மொட்டை மாடி அம்மாவுக்கு. சின்னக் குழுக்களுக்கு இந்த ஊரில் பெரிய தலைவலி ஒத்திகைக்கு இடம் பிடிப்பதுதான், மணிக்கணக்கில் வாடகை கொடுத்தால் டிக்கெட் காசு அதிலேயே கரைந்துவிடும். நீங்கள் மாடியைத் திறந்துவிட்டதோடு நிற்காமல், மோட்டார் சத்தத்தில் வசனம் கேட்கவில்லை என்று தெரிந்ததும் ஒத்திகை முடிகிறவரை தண்ணீர் ஏற்றுவதையே தள்ளிவைத்தீர்கள். குடித்தனக்காரர்கள் முணுமுணுத்தது எங்கள் காதிலும் விழுந்தது. பழைய ஹவுசிங் போர்டு வீட்டை இடிக்கப்போகிற காட்சியைப் பார்த்துவிட்டு, "வீட்டைக் காலி பண்றவங்க முதல்ல சாமி படத்தைத்தான்டா எடுப்பாங்க, நீங்க என்னடான்னா பீரோவை இழுத்துக்கிட்டு நிக்கிறீங்க" என்றீர்களே, அதை அப்படியே மாற்றினோம். அன்றைக்கு அதிகமாகக் கைதட்டல் வாங்கிய இடம் அதுதான். எங்கள் எழுத்தாளருக்கு அதில் கொஞ்சம் பொறாமைகூட.

பாட்டியின் இரும்புக் கட்டிலைக் கொடுத்த வளசரவாக்கம் அக்கா, அதைக் குட்டியானையில் ஏற்றி வந்து, வாடகை பேசிய பிறகு டீசல் காசு மட்டும் வாங்கிக்கொண்ட அண்ணன், இரண்டு பேருக்கும் நன்றி. கட்டில் பத்திரமாக இருக்கிறது, இந்த வாரம் வந்துவிடும்.

லைட்டிங் அண்ணா, இருக்கிற நாலு விளக்கை வைத்துக்கொண்டு விடியற்காலை வெளிச்சத்தை எப்படிக் கொண்டுவந்தீர்கள் என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு நன்றி நேரில் சொல்ல முடியாதவருக்கு. நாடகம் போட வேண்டுமென்றால் ஸ்கிரிப்ட்டை முன்கூட்டியே போலீசிடம் காட்டி அனுமதி வாங்க வேண்டும் என்று இங்கே 1954-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று இருந்தது. மறைந்த 'பரீக்‌ஷா' ஞாநி (பரீக்ஷா அவர் நடத்திய நாடகக் குழு) வழக்குப் போட்டு, 2013-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளை ரத்து செய்தது. கடைசி ஒத்திகையில்கூட வசனத்தை மாற்றுகிற எங்களைப் போன்ற ஆட்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று சொல்லத் தேவையில்லை.

அப்புறம் நீங்கள், டிக்கெட் வாங்கியவர்கள். ஏற்கெனவே பேர் வாங்கிய நாடகத்தைத் திரும்பப் போட்டால் ஹால் தானாக நிறையும். புதுசு என்றால் அப்படியில்லை, தலைப்பைக் கேள்விப்பட்டவர்கள் கிடையாது, விமர்சனம் கிடையாது, தெரிந்த முகம் மேடையில் கிடையாது. நாங்கள் தேதி கேட்டுப் போன ஒரு சபாவில் முதல் கேள்வியே "காமெடி எவ்வளவு இருக்கு?" என்பதுதான். நீங்கள் எதுவும் கேட்காமல், மழை வரும்போல இருந்த சாயங்காலத்தில் தாம்பரத்திலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் ரயில் பிடித்து வந்தீர்கள்.

வாசலில் நிறுத்தி, இரண்டாம் பாதி இழுவை என்று முகத்துக்கு நேராகச் சொன்ன பெரியவருக்குத் தனி நன்றி. ஐயா, உங்கள் பேரைக் கேட்டு வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. நீங்கள் சொன்னது சரிதான், வக்கீல் வருகிற காட்சியைப் பாதியாக வெட்டிக்கொண்டிருக்கிறோம். அடுத்த முறை போடும்போது வாருங்கள், வாசலில் 'இழுவை' என்று சொன்னால் போதும், டிக்கெட் கேட்க மாட்டார்கள்.