பினாயிலுக்கும் ஐந்து ஒப்புதலா? நிர்வாகத்துக்கும் ஈஆர்பி குழுவுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கும் கொள்முதல், கணக்கு முதலிய வேலைகளை நடத்தும் கணினி அமைப்பான ஈஆர்பியைக் கவனிக்கும் குழுவினருக்கும் வணக்கம்.

சிஎன்சி லேத்தின் (கணினி இயக்கும் கடைசல் இயந்திரத்தின்) ஸ்பிண்டில் பேரிங் (சுழலும் தண்டைத் தாங்கும் பாகம்) வாங்கியதில் நேர்ந்தது தாங்கள் அறிந்ததே. நமது ஈஆர்பியில் எந்த பிஓவுக்கும், அதாவது கொள்முதல் ஆணைக்கும், ஐந்து பேர் வரிசையாக ரிலீஸ், அதாவது ஒப்புதல், தர வேண்டும். அப்படி ஐந்து பேரும் ரிலீஸ் கொடுத்து முடித்த பிஓவில், சப்ளையர் விலையைச் சில ரூபாய் ஏற்றியதால் ஒரு திருத்தம் போட்டோம். போட்ட மாத்திரத்தில் ஐந்து ஒப்புதல்களும் அழிந்து, பிஓ மறுபடியும் முதல் நிலைக்கே போய்விட்டது. மூன்றாம் நிலையில் ஒப்புதல் தர வேண்டியவரோ அப்போது வெளியூரில் இருந்தார்.

பல வருடப் பழக்கத்தை நம்பி சப்ளையர் சரக்கை அனுப்பிவிட்டார். ரிலீஸ் ஆன பிஓவின் நகல் இல்லாமல் செக்யூரிட்டி அதை உள்ளே விடவில்லை; அது அவர் கடமை, அவரைக் குறை சொல்வதற்கில்லை. பேரிங் கேட் அறையிலும், ஸ்பிண்டிலைக் கழற்றிப் போட்ட லேத் ஷெட்டிலும் கிடக்க, மெயின்டெனன்ஸ்காரர்கள் ஸ்டோர்ஸ் ஜன்னலில் வந்து எங்களைத்தான் கேட்டார்கள். ரிலீஸ் ஆகாத பிஓவுக்கு ஜிஆர்என் (சரக்கு வரவுச் சீட்டு) போட நமது ஈஆர்பி மென்பொருளான எஸ்ஏபி விடாது என்பதை அவர்களுக்கு எத்தனை முறை விளக்குவது? பிறகு, இன்வாய்ஸ் தேதி ஒப்புதல் தேதிக்கு முந்தி இருப்பது ஏன் என்று ஆடிட்டர் கேட்ட கேள்விக்கும் ஸ்டோர்ஸ்தான் எழுத்தில் பதில் தந்தது. அந்த சப்ளையர் ஒரு சிறு நிறுவனம். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, ஒப்பந்தம் எப்படி இருந்தாலும் 45 நாளுக்குள் அவருக்குப் பணம் போய்ச் சேர வேண்டும், தவறினால் வட்டி உண்டு. அந்தக் கெடு சரக்கை ஏற்ற நாளிலிருந்து ஓடுமே தவிர, நமது ரிலீஸுக்காகக் காத்திருக்காது.

எங்கள் கோரிக்கை இதுதான்: பிஓவின் மதிப்புக்கு ஏற்ப ஒப்புதல் நிலைகளைப் பிரித்துத் தாருங்கள், சிறு விலைத் திருத்தத்துக்காக முழு ரிலீஸையும் அழிக்காதீர்கள். எந்த பிஓவுக்கு யார் ஒப்புதல் தர வேண்டும் என்பதைக் குறிக்கும் ரிலீஸ் ஸ்ட்ராடஜியில் மதிப்பு வரம்பு வைக்கவும், இத்தனை சதவீதம் வரை விலை ஏறினால் மறு ஒப்புதல் தேவையில்லை என்று குறிக்கவும் எஸ்ஏபியில் வசதி ஏற்கெனவே இருக்கிறது. இதற்காகப் புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை.

பெரிய ஆர்டரைச் சிறு பிஓக்களாக உடைத்து வரம்புக்குக் கீழே கொண்டுவந்துவிடுவார்கள் என்ற ஐயம் நியாயமானதே. ஒரே சப்ளையருக்கு ஒரே மாதத்தில் போன பிஓக்களின் பட்டியலை மாதாமாதம் எடுத்துப் பார்த்தால் அது தெரிந்துவிடும். அதற்குப் பதிலாக இன்று நடப்பது என்ன? லட்சக்கணக்கில் போகும் வார்ப்பு ஆர்டர் எந்த வழியில் போகிறதோ, அதே வழியில் கழிவறைக்கான பினாயிலும் நிர்வாக இயக்குநர் வரை போய் வருகிறது. முதலில் இருப்பவர், பின்னால் நாலு பேர் பார்ப்பார்கள் என்று பட்டனை அழுத்துகிறார். கடைசியில் இருப்பவர், முன்னால் நாலு பேர் பார்த்துவிட்டார்கள் என்று அழுத்துகிறார். இதற்குக் கட்டுப்பாடு என்று பெயர். ஈஆர்பி வந்தால் காகிதம் குறையும் என்றார்கள். குறைந்தது உண்மைதான், இப்போது "சார், ஒரு பிஓ பெண்டிங்" என்று வாட்ஸ்அப்பில் கெஞ்சுவதுதான் கொள்முதல் பிரிவின் முழுநேர வேலையாகியிருக்கிறது.

சற்றுக் கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறோம். மதிப்புக்கு ஏற்ற ஒப்புதல் நிலைகளும், திருத்தத்துக்கு ஒரு சதவீத வரம்பும், விடுப்பில் செல்பவருக்குப் பதில் ஒப்புதல் தர ஒரு மாற்றாளும் வேண்டும். வரம்புத் தொகை எவ்வளவு என்பதைத் தாங்களே முடிவு செய்யுங்கள். அடுத்த ஈஆர்பி ஆய்வுக் கூட்டத்தில் இதை முதல் பொருளாக எடுத்துக்கொண்டு, ஸ்டோர்ஸிலிருந்து ஒருவரையும் அழைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஸ்டோர்ஸ் மற்றும் கொள்முதல் பிரிவு ஊழியர்கள்