செக்ரோல் போட்ட பிறகுதான் வண்டி நகரும்

அப்புத்தளை
ஞாயிறு, விடாத மழை

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. போனில் பேசியிருக்கலாம். ஆனால் நீ நாலு பக்கம் பேனாவால் எழுதி அனுப்பியிருக்கும்போது நான் போனில் 'ஆமாம், சரி, பார்ப்போம்' என்று முடித்தால் நன்றாகவா இருக்கும்? இரண்டு நாளாக மழை. நான் ஜீப்பில் இழுத்துப்போகிற கெரவன் பெட்டி கொட்டகைக்குள் நிற்கிறது, எனக்கும் வேலையில்லை. அதனால் உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் வீட்டுச் செய்தி. அம்மாவுக்கு ஒரு கண் ஆபரேஷன் முடிந்து இப்போது தெளிவாகத் தெரிகிறது. மற்றக் கண்ணை இனித்தான் செய்ய வேண்டும். உன் பேச்சு வந்தால் இன்னமும் 'அந்தக் கடைசி லயத்துக் குட்டைப் பயலா?' என்றுதான் கேட்கிறது. உனக்கு அறுபது தாண்டியதைச் சொன்னால் நம்புவதில்லை. நீங்கள் இந்தியாவுக்குப் போகத் தலைமன்னாருக்கு ரயில் ஏறிய அன்று அம்மா கட்டிக்கொடுத்த ரொட்டியை வழியிலேயே பிரித்துத் தின்றுவிட்டாய் என்று நீ எழுதியிருந்ததை வாசித்துக் காட்டினேன். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தது. நம் லயத்தில், அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளில், பாதியை இடித்துவிட்டார்கள். உங்கள் வாசல் படிக்கல் மட்டும் அப்படியே கிடக்கிறது. அதில்தான் இப்போது எல்லோரும் கத்தி தீட்டுகிறார்கள், நடுவில் குழி விழுந்துவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மருமகன் சுற்றுலாக்காரர்களுக்காக இழுத்துப்போகிற வீடு ஒன்று வாங்கப்போகிறான், ஓட்டுவது நீதான் என்று எழுதியிருக்கிறாய். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. 'இருபது வருஷம் கோத்தகிரியில் தேயிலை லொறி ஓட்டினவனுக்கு இதெல்லாம் என்ன பெரிய வேலை? நீ என்னமோ அட்டை எழுதித் தொங்கவிட்டிருக்கிறாயாமே, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி' என்று ஒரு கிண்டல் வேறு. மச்சான், இதே வாயால் இதே பேச்சை நானும் பேசினவன்தான்.

இங்கே என் முதலாளி பழைய இங்கிலாந்துக் கெரவன் ஒன்றை வாங்கி, ஆட்களுக்கு வாடகைக்கு விடுகிறார். ஒற்றை அச்சு, சாமானோடு ஏறக்குறைய 1,100 கிலோ. டிரக்டர் பெட்டியைச் சொல்லிப் பழகின வாய்க்கு இதுவும் பெட்டிதான். லயத்துப் பிள்ளைகள் 'சக்கர லயம்' என்று பேர் வைத்திருக்கிறார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் அவர்கள் சொல்வதுதான் சரி. ஒரே காம்பரா, அடுப்பும் அதிலேயே, படுக்கையும் அதிலேயே.

போன ஏப்ரல் சீசனில் நடந்ததைச் சொல்கிறேன். கொழும்புக் குடும்பம் ஒன்று, தோட்டத்து மேட்டில் இரண்டு இரவு தங்கிவிட்டுக் கிளம்புகிற காலை. கேஸ் சிலிண்டரை மூடினேன். கூரை ஜன்னலைச் சாத்தினேன். படியை உள்ளே தள்ளினேன். பெட்டி ஆடாமல் நிற்க நாலு மூலையிலும் கால் இருக்கும், தெரியுமா? பின்னால் இரண்டையும் சுழற்றி ஏற்றினேன். முன்னால் இடது கால் ஏறி முடியவும் போன் அடித்தது. முதலாளி. அடுத்த ஆட்கள் எத்தனை மணிக்கு வருகிறார்கள் என்ற கதை. பேசிக்கொண்டே நடந்தவன், பேச்சு முடிந்தபோது ஜீப்புக்குப் பக்கத்தில் நின்றேன். கால் வேலை முடிந்தது என்று மனசு அதுவாகவே கணக்கை மூடிவிட்டது. கொக்கியை மாட்டினேன், சங்கிலி போட்டேன், பிளக்கைக் குத்தினேன், எடுத்தேன்.

முப்பது அடி போயிருக்காது. கொழுந்து எடை போட்டுவிட்டு வந்த ஒரு அக்கா ஓடி வந்து கத்துகிறது: 'அண்ணே, நிப்பாட்டுங்க, காலு இழுபடுது!' நான் பிரேக்கை மிதிக்கவும், ஏற்றாமல் விட்ட முன் வலது கால், தண்ணீர் ஓடுகிற கானுக்கு மேல் போட்ட கொங்கிரீட்டில் முட்டவும் சரியாக இருந்தது. இறங்கிப் பார்த்தால், கால் கவ்வாத்துக் கத்தி மாதிரி வளைந்து கிடக்கிறது. அதைப் பிடித்திருந்த இரும்பு, தரைப் பலகையோடு சேர்த்துப் பிய்ந்து தொங்குகிறது. அந்தக் குடும்பத்துப் பொடியன் பக்கத்தில் வந்து, 'அங்கிள், உங்களுக்கு மறந்து போச்சா?' என்று கேட்டான். 31 வருஷம் ஸ்டீயரிங் பிடித்தவனை ஏழு வயதுப் பிள்ளை கேட்கிற கேள்வி. பழுது பார்த்த காசு போனதுகூட வலிக்கவில்லை மச்சான்.

அன்று இரவு மூத்தவளிடம் புலம்பினேன். அவள் ஆஸ்பத்திரி ஆபரேஷன் தியேட்டரில் தாதியாக இருக்கிறாள் என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா? அவள் சிரிக்கவில்லை. 'அப்பா, எங்கள் பெரிய டாக்டர்களே கத்தி வைப்பதற்கு முன்னால் நோயாளி பேர் என்ன, எந்த இடம், என்ன ஆபரேஷன் என்று வாய்விட்டுச் சொல்லித்தான் ஆரம்பிக்கிறார்கள்' என்றாள். உலக சுகாதார நிறுவனம் 2008இல் கொண்டுவந்த பட்டியலாம், மொத்தம் 19 விஷயம். அதற்கெல்லாம் முன்னோடி விமானக்காரர்கள் என்றும் சொன்னாள். 1935இல் அமெரிக்காவில், ஓஹாயோவில், போயிங்கின் புது நாலு எஞ்சின் விமானத்தைச் சோதனைக்கு ஏற்றினார்கள். கிளம்பிய கொஞ்ச நேரத்தில் விழுந்து எரிந்துவிட்டது. இயந்திரத்தில் ஒரு கோளாறும் இல்லை. நிறுத்தி வைத்திருக்கும்போது வால் பக்கத்துத் தகடுகள் காற்றில் அடிக்காதபடி போடுகிற பூட்டு ஒன்று உண்டு, அதை எடுக்காமலே கிளம்பிவிட்டார்கள். ஓட்டினவர் புதுசு இல்லை, கை தேர்ந்த ஆள். அதற்குப் பிறகுதான் விமானிகள் அட்டையைக் கையில் எடுத்தார்களாம். கேட்டதும் என் வலது கால்தான் கண் முன்னால் வந்தது.

மறுநாளே கொப்பியும் பேனாவுமாக உட்கார்ந்து ஒரு பட்டியல் போட்டேன். ரோசத்தில் எழுதியது, 43 வரி வந்தது. கோப்பை அலுமாரி பூட்டு, திரைச்சீலைக் கட்டு, செருப்பு எத்தனை ஜோடி என்பது வரைக்கும். இரண்டு வாரம் ஒழுங்காகப் பார்த்தேன். மூன்றாவது வாரம் கை பாட்டுக்கு டிக் போடுகிறது, கண் வேறு எங்கேயோ மேய்கிறது.

அப்போதுதான் அப்பாவின் பெரட்டு ஞாபகம் வந்தது. உனக்கும் மறந்திருக்காது. விடியற்காலை பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட, ஆள் முன்னால் வந்து நிற்க, கணக்கப்பிள்ளை செக்ரோலில், அந்த வருகைப் பதிவேட்டில், போடுவார். செக்ரோலில் விழாவிட்டால் அன்றைய பேர் இல்லை, அதாவது அன்றைய கூலி இல்லை. அதிலும் கள்ளம் உண்டே, வராத ஆளுக்குப் பேர் போடுவது! நான் செய்துகொண்டிருந்தது அதேதான். கால் மேலே ஏறியிருக்கிறதா என்று பார்க்காமல் டிக் போட்டால் அது வராத ஆளுக்குப் போட்ட பேர்.

அதனால் பழைய கொப்பியைக் கிழித்துப் போட்டு, மூன்று அட்டையாக்கினேன். பூட்டுவதற்கு ஒன்று, நிறுத்துவதற்கு ஒன்று, கிளப்புவதற்கு ஒன்று. மறந்தால் ஆள் சாகும், பெட்டி புரளும், நெருப்புப் பிடிக்கும் என்கிற விஷயம் மட்டும்தான் அதில். கோப்பை உடைந்தால் கோப்பையோடு போகட்டும். கூட வருகிற பொடியன் வாசிப்பான், நான் அந்தச் சாமானைத் தொட்டு 'இருக்கு' என்று பதில் சொல்ல வேண்டும். தூரத்தில் நின்று சொன்னால் செல்லாது. நடுவில் போன் வந்தாலோ யாராவது தேத்தண்ணி நீட்டினாலோ, விட்ட இடத்திலிருந்து தொடரக் கூடாது, மறுபடி முதல் வரி. பொடியன் இதில் என்னைவிடக் கண்டிப்பு. போன வாரம் முதலாளியையே 'கொஞ்சம் இருங்க சார், செக்ரோல் போடுறோம்' என்று நிறுத்தி வைத்துவிட்டான்.

பூட்டுகிற அட்டையை மட்டும் உனக்கு விரிவாகச் சொல்கிறேன். ஜீப்பின் பின்னால் இருக்கிற இரும்புப் பந்தும், அதன் மேல் உட்கார்ந்து பூட்டுகிற பெட்டியின் தலையும் ஒரே அளவா என்பதுதான் முதல் வரி. எங்களுடையது 50 மில்லிமீட்டர். இதைவிடச் சின்னப் பந்துகளும் உண்டு. அதன் மேலும் தலை உட்காரும், பூட்டின மாதிரியும் இருக்கும், முதல் பள்ளத்தில் துள்ளிக் கழன்றுவிடும். அளவு சரியென்றால் தலையை இறக்கிப் பூட்டிவிட்டு, முன்னால் இருக்கிற சின்னச் சக்கரத்தைத் திரும்பக் கொஞ்சம் கீழே சுழற்ற வேண்டும். பூட்டு விழுந்திருந்தால் பெட்டியோடு சேர்ந்து ஜீப்பின் பின்பக்கமும் உயரும். விழவில்லையென்றால் தலை மட்டும் தனியாக எழும்பி வரும்.

இதைச் சும்மா சொல்லவில்லை. மார்கழியில் நுவரெலியாவில், விடியற்காலை, பக்கத்தில் நிற்கிற ஆளே தெரியாத பனிமூட்டம். கைப்பிடி கீழே விழுந்த சத்தம் காதால் கேட்டேன். பொடியன் வாசித்தான், 'தூக்கிப் பார்த்தாச்சா?' எனக்கு உள்ளுக்குள் எரிச்சல், கை விறைத்திருக்கிறது. வேண்டாவெறுப்பாகச் சுழற்றினேன். ஜீப் அசையவே இல்லை, தலை மட்டும் பந்தைவிட்டு மெதுவாக எழும்பியது. பந்துக்கு மேலேயே குந்திக்கொண்டு இருந்திருக்கிறது, உள்ளே இறங்கவில்லை. அப்படியே ஹக்கலை இறக்கத்தில் போயிருந்தால்? இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. பொடியன் பிளாஸ்கைத் திறந்து எனக்குத் தேத்தண்ணி ஊற்றினான். அதற்குப் பிறகு மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பித்தோம்.

சங்கிலி இருந்தால் தலைக்குக் கீழே ஒன்றன் மேல் ஒன்று குறுக்காகப் போடு. தலை கழன்றாலும் ரோட்டில் குத்தாமல் அதன் மேல் விழும். எங்கள் பெட்டியில் அதோடு மெல்லிய கம்பிக் கயிறு ஒன்றும் இருக்கிறது, பெட்டி பிரிந்து போனால் அதுவே இழுத்து ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிடும். பிளக் குத்தினதும் ஒருவர் பின்னால் நின்று பிரேக் லைட், சிக்னல் லைட் எல்லாம் பார்க்க வேண்டும். பனியில் பின்னால் வருகிற பஸ்காரனுக்கு அதுதான் கண். சக்கர நட்டை, கழற்றி மாட்டினால் ஐம்பது கிலோமீட்டர் ஓடினதும் நிறுத்தி மறுபடி முறுக்கிப் பார்.

நிறுத்துகிற அட்டை சின்னது. ரசமட்டம் வைத்து இடது வலது சமம் பார்த்து, தாழ்ந்த சக்கரத்தைப் பலகையில் ஏற்று. ஹேண்ட் பிரேக், சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை. அதற்குப் பிறகுதான் கொக்கியில் கை வைக்க வேண்டும். நம் மலையில் சமதரை ஏது? கட்டை போடாமல் கழற்றினால் பெட்டி தானே ஊருக்குப் போய்விடும். முன் பின் சமத்தை அந்தச் சின்னச் சக்கரத்தால் சரிபண்ணி, கடைசியாக மூலைக் கால்களை இறக்கு. அந்தக் கால் ஆட்டத்தைப் பிடிக்கத்தான், ஜாக் மாதிரி அதால் பெட்டியைத் தூக்கினால் வளையும்.

லொறிக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் பாரம் ஏற்றுவதில்தான். ஒரு தடவை தண்ணீர்ப் போத்தல் பெட்டிகளையெல்லாம் பின்கட்டில் அடுக்கிவிட்டார்கள். வெலிமடைப் பக்கம் கொஞ்சம் நேர் ரோடு கிடைத்ததும் பெட்டி நாய் வால் மாதிரி ஆட ஆரம்பித்துவிட்டது. அந்த நேரம் பிரேக்கை அழுத்தவும் கூடாது, வேகம் கூட்டவும் கூடாது. ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, அக்ஸிலேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுக்க வேண்டும். பாரமெல்லாம் அச்சுக்கு மேலே இருக்கட்டும், பெட்டியின் மூக்கு, பந்தின் மேல் உட்காருகிற முன்பக்கம், கொஞ்சம் கனக்கட்டும். எங்களுக்கு மூக்குப் பாரம் 70 கிலோ சுமார். கொழுந்துத் தராசு இதற்குச் சரிப்படாது, குளியலறைத் தராசின் மேல் ஒரு கட்டையை நிறுத்தி, அதன் மேல் தலையை இறக்கிப் பார்க்கிறோம். அமெரிக்கப் பெட்டிகளுக்கு மொத்தப் பாரத்தில் 10 முதல் 15 வீதம் வரை மூக்கில் வேண்டும் என்கிறார்கள். உன் மருமகன் எது வாங்குகிறான் என்று கேட்டுக்கொள்.

இறக்கத்தைப் பற்றி உனக்கு நான் சொல்லத் தேவையில்லை, ஏறின கியரில் இறங்குகிறவன் நீ. ஒன்று மட்டும். இந்த இங்கிலாந்துப் பெட்டிகளில் ஜீப் வேகம் குறையும்போது பெட்டி முன்னால் வந்து தள்ளும், அந்தத் தள்ளலில்தான் அதன் பிரேக் பிடிக்கும். நீள இறக்கத்தில் தள்ளிக்கொண்டேதான் வரும், அதனால் பிரேக் உரசிச் சுட்டுக்கொண்டே இருக்கும். பெரகலைக்கு இறங்கும்போது நடுவில் நிறுத்திச் சக்கரத்துக்குக் கிட்டே கையை வைத்துப் பார்ப்பேன், சூடு தெரிந்தால் அரை மணி நேரம் ஓய்வு. கல்லட்டி வழியாக ஊட்டிக்கு இழுத்துப் போகலாம் என்று மருமகன் சொல்கிறானாமே, அந்த 36 கொண்டை ஊசி வளைவில்? வேண்டாம் என்று சொல். நான் சொன்னதாகவே சொல்.

அம்மா கூப்பிடுகிறது, மழையில் கூரை எங்கேயோ ஒழுகுகிறதாம். மூன்று அட்டையையும் பொடியன் கையெழுத்தில் படி எடுத்து இதோடு வைக்கிறேன். அவன் எழுத்து என்னுடையதைவிட நன்றாக இருக்கும். அப்படியே காப்பி அடிக்காதே, உன் பெட்டியைச் சுற்றி இரண்டு தடவை நடந்து பார்த்து உனக்குத் தக்க மாதிரி எழுது. பந்து எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து, அடுத்த கடிதத்தில் முதல் வரியாக எழுது.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லு.

உன் பழைய கூட்டாளி,
மேல் லயத்துக்காரன்