சாப்பிடாத நாளிலும் ஊசி வேண்டும்: பெரியம்மாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

வணக்கம். தம்பியும் அவன் மனைவியும் வேலைக்குக் கிளம்பிய பிறகு மும்பை சயான் வீட்டில் பேரன் உங்கள் பொறுப்பில்தான் இருக்கிறான். மழைக்காலத்தில் இந்த ஊரில் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வராத பிள்ளை இல்லை என்பதால், டைப் 1 சர்க்கரை நோயுள்ள அவனுக்கு உடம்பு சரியில்லாத நாளில் என்ன செய்வது என்பதை எழுதுகிறேன். என் மகள் இதே நோயோடு வளர்ந்தவள். பகலில் பேரப்பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ளும் மற்றவர்களும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் இடுகிறேன்.

“வாயில் ஒன்றும் போகாத பிள்ளைக்கு எதற்கு ஊசி?” என்று கேட்டீர்கள். உங்கள் அனுபவத்திலிருந்து பார்த்தால் அது நியாயமான கேள்வியே. உங்களுக்கு இருப்பது டைப் 2. வாந்தி எடுத்துச் சாப்பிட முடியாத நாளில் சில மாத்திரைகளை நிறுத்திவைக்கச் சொல்வது மருத்துவர்களின் வழக்கம்தான். உங்கள் கணையம் இன்னும் ஓரளவு இன்சுலினைச் சுரந்துகொண்டிருப்பதால் அந்த நிறுத்தத்தை உடல் தாங்கிக்கொள்கிறது. பேரனுக்கோ, இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்களை அவனுடைய நோயெதிர்ப்பு மண்டலமே அழித்துவிட்டது. ஊசி வழியாகப் போவதைத் தவிர அவனுக்கு வேறு கையிருப்பு கிடையாது. உங்களைக் காப்பாற்றும் அதே விதி அவனை ஆபத்தில் தள்ளிவிடும்.

காய்ச்சலில் கார்ட்டிசால், அட்ரினலின், குளுக்ககான் போன்ற ஹார்மோன்கள் கூடுகின்றன. அவற்றின் தூண்டுதலால் கல்லீரல் சர்க்கரையை ரத்தத்தில் கொட்டுகிறது, இன்சுலினின் வேகமும் மட்டுப்படுகிறது. ஒரு வாய்க் கஞ்சிகூடக் குடிக்காத பிள்ளைக்குச் சர்க்கரை 300-க்கு மேல் காட்டுவது இதனால்தான். அந்த நேரத்தில் இன்சுலினையும் நிறுத்திவிட்டால், இருக்கிற சர்க்கரையைப் பயன்படுத்த முடியாத உடல் கொழுப்பை உடைக்கத் தொடங்கி, அதிலிருந்து உண்டாகும் கீட்டோன் என்னும் அமிலப்பொருள் ரத்தத்தில் சேர்ந்துகொண்டே போகும். குழந்தைகளுக்கு இது சில மணி நேரத்திலேயே ரத்தமே அமிலமாகி உயிருக்கு ஆபத்தான கீட்டோஅசிடோசிஸ் ஆகிவிடக்கூடும்.

அவனுக்குப் போடும் இரண்டு இன்சுலின் பேனாக்களில் (பேனா வடிவ ஊசிகளில்), நாள் முழுவதும் நின்று வேலை செய்யும் இன்சுலினை எக்காரணம் கொண்டும் விடக்கூடாது. சாப்பாட்டு நேரத்து இன்சுலின் மட்டும் சாப்பிடும் அளவைப் பொறுத்தது. எவ்வளவு சாப்பிடுவான் என்று தெரியாத நாளில் சாப்பிட்ட பிறகு போடலாமா என்பதை இப்போதே மருத்துவரிடம் கேட்டுவைக்கச் சொல்லுங்கள். காய்ச்சலில் பெரும்பாலும் வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தேவைப்படும். எவ்வளவு கூட்டுவது என்பதை நீங்களோ நானோ தீர்மானிக்க வேண்டாம், தம்பியைக் கூப்பிட்டு மருத்துவரிடம் கேளுங்கள்.

சர்க்கரையை 2 முதல் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும்கூட, பார்க்க வேண்டும். அதைவிட முக்கியம் கீட்டோன். சர்க்கரை 250-ஐத் தாண்டினால்தான் பார்க்க வேண்டும் என்றில்லை. உடம்பு சரியில்லை, வாந்தி வருகிறது என்றாலே பாருங்கள். ரத்தத்தில் கீட்டோன் பார்க்கும் மீட்டரில் (லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில்) 0.6-க்குக் கீழ் இருந்தால் கவலையில்லை, 1.5-ஐத் தொட்டால் உடனே மருத்துவருக்குத் தொலைபேசி, 3-ஐ எட்டினால் மருத்துவமனை. சிறுநீர் ஸ்ட்ரிப் மலிவானது, கத்தரிப்பூ நிறத்துக்கு மாற மாற ஆபத்து கூடுகிறது என்று பொருள். ஆனால் அது காட்டுவது சற்று முந்தைய நிலையைத்தான். மும்பை ஈரக்காற்றில் அந்த டப்பாவைத் திறந்து போட்டால் ஸ்ட்ரிப் கெட்டுவிடும். மீட்டர் விலை அதிகம்தான், என்றாலும் தம்பியை வாங்கச் சொல்லியிருக்கிறேன்.

வயிற்றுப்போக்கு கொஞ்சம் வேறு மாதிரி. சாப்பிட்டது உடலில் சேராததால் சர்க்கரை தாழ்ந்துவிடலாம், கீட்டோனும் கூடவே இருக்கலாம். அப்போதும் இன்சுலினை அடியோடு நிறுத்துவது தீர்வாகாது. மருத்துவர் அளவைக் குறைப்பார், நாம் சர்க்கரை கலந்த பானத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே செலுத்த வேண்டும். ரத்தத்தில் சர்க்கரை அதிகமாக இருந்தால் தண்ணீர், உப்பிட்ட நீர்மோர், தெளிந்த ரசம். குறைவாக இருந்தால் இளநீர், அரிசிக் கஞ்சி, குளுக்கோஸ் கரைத்த தண்ணீர். உலக சுகாதார நிறுவன அளவிலான ஓ.ஆர்.எஸ். கரைசலில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான் இருக்கிறது. வயிற்றுப்போக்கில் அதைக் கொடுக்க அஞ்ச வேண்டாம். சர்க்கரை 70-க்குக் கீழே போனால் மற்றதெல்லாம் அப்புறம், முதலில் குளுக்கோஸ். காய்ச்சல் மருந்தில் இனிப்பு இருக்கிறதே என்று தள்ளிவைக்கவும் வேண்டாம், அந்தச் சிறிதளவு பெரிதில்லை. ஆஸ்பிரின் மட்டும் குழந்தைக்குக் கூடாது.

பக்கத்து மருத்துவரிடம் கொண்டுபோனால், “இவனுக்கு டைப் 1” என்பதே உங்கள் முதல் வாக்கியமாக இருக்கட்டும். கீட்டோன் ஏறும்போது வயிற்றுவலியும் வாந்தியும் வருவதால் அது வயிற்றுக் கோளாறாகவும், மூச்சு ஆழமாக வேகமாக வாங்குவதால் இளைப்பாகவும் தவறாகக் கருதப்படுவது உண்டு. வாந்திக்கு மருந்து கொடுத்து அது நின்றுவிட்டாலும் கீட்டோன் போய்விட்டதாக ஆகாது. மறுபடி பார்த்தே ஆக வேண்டும். மூச்சில் பழம் அழுகிய வாடை, அளவுக்கு மீறிய சோர்வு, நிற்காத வாந்தி, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் மகன் வரட்டும் என்று காத்திருக்காமல் பெரிய மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

மழையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சயானிலும் கிங்ஸ் சர்க்கிளிலும் தண்ணீர் தேங்கும் நாள் எப்படி இருக்கும் என்பதை எனக்கு முன்பே இந்த ஊருக்கு வந்த உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 944 மி.மீ. பெய்தபோது ஊரே நின்றுபோனது. அதனால் கனமழை எச்சரிக்கை இருக்கும் நாளில் கீட்டோன் 3-ஐ எட்டும் வரை காத்திருக்கக் கூடாது என்பது என் கருத்து, 1.5-லேயே, சாலை திறந்திருக்கும்போதே புறப்பட்டுவிடலாம். கிளம்பும்போது இரண்டு பேனாக்களையும் மீட்டரையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், கடைசியாக எத்தனை மணிக்கு எவ்வளவு ஊசி போட்டீர்கள் என்பதையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அங்கே முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

இப்படிக்கு,
செம்பூரிலிருந்து உங்கள் தங்கை மகள்