வாரம் ஒரு புள்ளி கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறைக்கு, ஒரே நாளில் போய் வரக்கூடிய இடங்கள் என்று மாமல்லபுரம், முட்டுக்காடு, வண்டலூர் மூன்றையும் உங்கள் இதழில் போட்டிருந்தீர்கள். நல்ல இடங்கள்தான். ஆனால் ஒவ்வொரு வருஷமும் சென்னையே திரண்டு அந்த மூன்றுக்கும்தான் போகிறது. ஈசிஆரில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருக்கும் அதே ஞாயிற்றுக்கிழமை, உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமச் சாலைகளில் எதிரே ஒரு டிராக்டர் வந்தால் அதுவே பெரிய போக்குவரத்து. வாசகர்களை அந்தச் சாலைகளுக்கு அனுப்ப உங்களால் முடியும். அதற்கு ஒரு யோசனை சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஜிபிஎஸ் காட்டும் புள்ளியை வைத்து, யாரோ ஒளித்துவைத்த டப்பாவைத் தேடிக் கண்டுபிடிக்கும் ஜியோகேச்சிங் என்ற பொழுதுபோக்கைச் சிலர் கேள்விப்பட்டிருப்பார்கள். 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கம் வரை, பொதுமக்களுக்குக் கிடைக்கும் ஜிபிஎஸ் சிக்னலை அமெரிக்கா வேண்டுமென்றே குழப்பித்தான் விட்டுக்கொண்டிருந்தது. 100 மீட்டர் வரைகூட இடம் தப்பும். மே 2-ஆம் தேதி அந்தக் குழப்பத்தை நிறுத்தினார்கள். மறுநாளே ஆரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு கறுப்பு வாளியில் சில சாமான்களையும் ஒரு நோட்டையும் போட்டு ஒளித்துவைத்துவிட்டு, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் எழுதினார். தேடி எடுப்பவர் வாளியிலிருந்து ஏதாவது எடுத்துக்கொண்டு பதிலுக்கு ஏதாவது வைக்க வேண்டும், நோட்டில் பெயர் எழுத வேண்டும், அவ்வளவுதான் விதி. இன்று உலகம் முழுக்க இப்படி 30 லட்சத்துக்கும் மேற்பட்ட டப்பாக்கள் ஒளிந்திருக்கின்றன.

எங்கள் வீட்டில் இதை ஆரம்பித்து வைத்தவர் என் நாத்தனார். ஸ்கூட்டரை அவர் ஓட்டுவார். நான் பின்னால் உட்கார்ந்து போனைப் பார்த்து, இடது பக்கம் மண் ரோடு, இங்கே திரும்புங்கள் என்று வழி சொல்வேன். கொஞ்ச நாளில் எதிர்வீட்டுக்காரர்களும் பிள்ளைகளோடு சேர்ந்துகொண்டார்கள். போனில் பாகை, நிமிடம், அதன்பின் மூன்று தசம இலக்கம் வரும். அட்சரேகையின் கடைசி இலக்கம் ஒன்று மாறினால் தரையில் இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. புத்தகத்தில் படித்து மனப்பாடம் செய்த ரேகைகள் தன் காலடியில் நகர்வதைப் பார்த்த எதிர்வீட்டுப் பையன், வரப்பின்மேல் வடக்கே ஓரடி, தெற்கே ஓரடி என்று வைத்துவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். போன் சொல்வதும் ஐந்து மீட்டர் வரை முன்னே பின்னே இருக்கும். புளியமரத்தடியில் இன்னும் அதிகம் அலைபாயும். கடைசிப் பத்துப் பதினைந்து அடிக்குக் கண்ணும் பொறுமையும்தான் துணை. ஒருமுறை மைல்கல்லுக்குப் பின்னால் கிடைத்தது ஒரு ஃபிலிம் ரோல் டப்பா. உள்ளே விரல் அகலத்தில் சுருட்டிய காகிதம், ஓரமெல்லாம் ஈரம் ஏறியிருந்தது. அதில் யார் யாரோ எழுதிய பெயர்களுக்குக் கீழே எங்கள் பெயர்களை எழுதக் கொஞ்சமே இடம் இருந்தது.

இப்படிப் போனில் கண் பதித்து நடந்தால் ஊர்க்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, "என்னம்மா, மனை பாக்க வந்தீங்களா?" என்பதுதான். புறநகரில் நிலம் விற்கிற வேகத்தில் வேறெப்படிக் கேட்பார்கள்? இல்லைங்க ஐயா, ஊரைப் பார்க்கத்தான் வந்தோம் என்றதும் ஒரு பெரியவர் எங்களைக் கூட்டிக்கொண்டு ஏரிக்கரைமேல் நடந்தார். கரைக் கோடியில், ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிந்து போகும் கலங்கல். அதன் தலையில் முழங்கால் உயரத்துக்கு வரிசையாகக் கற்கள் நட்டிருந்தார்கள். நாங்கள் ஏதோ அலங்காரம் என்று நினைத்திருப்போம். ஏரி நிரம்பி வருகிற சமயத்தில் அந்தக் கற்களுக்கு இடையே வைக்கோலையும் மண்ணையும் வைத்து அடைப்பார்களாம். இன்னும் இரண்டடி தண்ணீர் கூடுதலாக நிற்கும். பெருவெள்ளம் வந்தால் அடைப்பு தானே அடித்துக்கொண்டு போய்விடும், கரை உடையாது. வழிகிற தண்ணீர் எந்த ஏரிக்குப் போகும், அதற்கு அடுத்தது எது என்று கையை நீட்டி நீட்டிக் காட்டினார். பழைய செங்கல்பட்டு ஜில்லாவை ஏரி மாவட்டம் என்று சொல்வது ஏனென்று அந்தக் கரைமேல் நின்றபோதுதான் எனக்கு விளங்கியது.

அன்று மாலை உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கும் போனோம். முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு, 10-ஆம் நூற்றாண்டின் தொடக்கம். எப்படித் தேர்தல் நடத்தினார்கள் என்பதற்காகத்தான் எல்லோரும் அதைப் பேசுவார்கள். ஏரியைப் பராமரிக்கும் குழுவான ஏரி வாரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுப்பதும் அதிலேயே இருக்கிறது. அரை நாளைக் கலங்கலில் கழித்துவிட்டு வந்து அந்தச் சுவர் முன் நின்றதால், அந்த வாரியத்துக்கு என்ன வேலை இருந்திருக்கும் என்பதைப் பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

இந்தப் பொழுதுபோக்கு சென்னைக்கு ஒட்டாத வெளிநாட்டு விஷயம் என்று யாரும் நினைக்க வேண்டாம். இந்தியாவையே அளந்த பெரும் முக்கோண அளவைக்கு, 1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலை அடிவாரத்தில்தான் ஆங்கிலேய ராணுவ அதிகாரி வில்லியம் லாம்டன் 100 அடி எஃகுச் சங்கிலியைத் தரையில் விரித்தார். அங்கிருந்து பெரும்பாக்கம் குன்றுவரை ஏழரை மைல், அதுதான் முழு அளவைக்கும் அடிப்படையான அடிக்கோடு. நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்துக்குள் 1792-ஆம் ஆண்டு வானாய்வகத்தின் கருங்கல் தூண் இன்னும் நிற்கிறது, தமிழிலும் எழுத்துப் பொறித்து. நாட்டின் அளவைக்குத் தீர்க்கரேகையை அங்கிருந்துதான் கணக்கிட்டார்கள். நம் தெருவின் புள்ளியைப் போன் காட்டுவதற்கு இருநூறு வருஷம் முன்பே, புள்ளி வைக்கும் வேலை இந்த ஊரில் நடந்திருக்கிறது.

ஆனால் டப்பா ஒளிக்கும் பழக்கத்தை அப்படியே இங்கே கொண்டுவர வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ரயில் நிலையத்திலோ பாலத்தடியிலோ மூடிய டப்பா ஒன்றைப் பார்த்தால் மர்மப் பொருள் என்று போலீசுக்குத் தகவல் போகும், போகவும் வேண்டும். பாறை இடுக்கில் பிள்ளைகள் கையை விட்டால் உள்ளே கண்ணாடிவிரியன் இருக்கலாம். பழங்காலச் சுவரின் கல்லிடுக்கில் எதையும் செருகக் கூடாது. வடகிழக்குப் பருவமழையில் எந்த டப்பாவுக்குள்ளும் காகிதம் தாங்காது.

டப்பாவே இல்லாமல் ஆடலாம், அப்படி ஒரு வகையும் அதில் உண்டு. புள்ளியைக் கொடுத்து, அங்கே நேரில் போனால் மட்டுமே விடை தெரிகிற ஒரு கேள்வியைக் கேட்பது. இதைத்தான் உங்களிடம் கேட்கிறேன், ஆசிரியர் அவர்களே. வாரம் ஒரு புள்ளி, ஒரு கேள்வி, கால் பத்தி இடம் போதும். சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டைக்குள் இருக்கும் கல்லறைக் கற்களில் என்னென்ன செதுக்கியிருக்கிறது? பழவேற்காட்டு டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் காவல் நிற்பவை என்ன? பல்லாவரத்தில் மகேந்திரவர்மன் குடைந்த குகை இன்று என்னவாக இருக்கிறது? இந்த ஏரியின் மதகுக்கு எத்தனை கண்? விடையை வாசகர்கள் அஞ்சலட்டையில் எழுதி அனுப்பட்டும். எந்தப் பேருந்தில் ஏறி எங்கே இறங்க வேண்டும் என்பதையும் கூடவே போடுங்கள். வண்டி இல்லாதவர்களும் போக வேண்டும்.

சிலவற்றில் மட்டும் கண்டிப்பு வேண்டும். காட்டுக்குள் புள்ளி வேண்டாம். 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இறந்ததை மறக்க முடியாது, அவர்களில் சென்னையிலிருந்து போனவர்களும் உண்டு. பூண்டிக்கு அருகே குடியம் குகைகளைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் வனத்துறையின் மலையேற்றத் திட்டத்தில் பதிவு செய்து வழிகாட்டியோடு போகட்டும். ராணுவ இடமும் கல்பாக்கம் வேலிப் பக்கமும் வேண்டவே வேண்டாம். நாற்று நட்ட வயலில் கால் வைக்கக் கூடாது, யாரையாவது கேட்டுக்கொண்டுதான் வரப்பில் இறங்க வேண்டும். கையில் ஒரு சாக்கு எடுத்துப் போய்க் குப்பையைப் பொறுக்கி வரும் வழக்கம் இந்தப் பொழுதுபோக்கில் பல ஆண்டுகளாக உலகெங்கும் இருக்கிறது, அதையும் சேர்த்துக் கொள்ளுங்கள். நகரத்திலிருந்து கும்பலாக வந்து ஏரிக்கரையில் குடித்துவிட்டுப் பாட்டிலை உடைத்துப் போட்டுப் போகிறவர்களால், கிராமத்தில் எங்களைக்கூடச் சந்தேகமாகப் பார்க்கிறார்கள். சேற்றில் இறங்கி வேலை செய்கிறவர் காலில்தான் அந்தக் கண்ணாடி ஏறுகிறது. இதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

நாங்கள் பார்த்த இடங்களின் புள்ளிகள், கேள்விகள், பேருந்து வழிகள் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறோம். நீங்கள் சரி என்றால் பிரதி எடுத்து அனுப்புகிறேன், பணம் எதுவும் வேண்டாம். புரட்டாசியில் ஆரம்பித்தால் நல்லது. முதலில் கோட்டைகளையும் கல்வெட்டுகளையும் போடுங்கள். ஏரிப் புள்ளிகளைக் கார்த்திகைக்கு வைத்துக்கொள்ளலாம், கலங்கல் பாய்கிற நேரம் அதுதான்.

இப்படிக்கு,
வாசகி,
குரோம்பேட்டை, சென்னை - 44