மாப்ளேக்கு: கனத்தைப் பார்த்து மயங்காதே

மாப்ளே,

கடிதம் வந்தது. வீட்டில் எல்லோரும் நலம், என் முட்டிவலியும் நலம், குண்டன் இன்னும் ஒல்லியாகவில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஏர்சாஃப்ட் பிஸ்டல், அதாவது கேஸ் அடைத்துச் சின்னப் பிளாஸ்டிக் உருண்டைகளைச் சுடும் விளையாட்டுத் துப்பாக்கி, வாங்குவதைப் பற்றி "ஜப்பான்காரன் அவ்வளவு காசை வாங்கிக்கொண்டு பிளாஸ்டிக் தருகிறான், அதில் பாதி விலைக்கு உலோகமே கிடைக்கிறதே" என்று எழுதியிருக்கிறாய் பார், அதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. என்னிடம் இருப்பது டோக்கியோ மருய் என்ற ஜப்பான் கம்பெனியின் ஹைகாப்பா 5.1. குண்டன் அண்மையில் அதே வடிவத்தில் வரும் மலிவு நகல் ஒன்று வாங்கி, வந்த கையோடு என்னிடம் தூக்கிக்கொண்டு வந்தான். பெயர் வேண்டாம், அவன் மனது புண்படும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சுட்டுப் பார்த்தோம்.

முதலில் உன் பக்கம் பேசுகிறேன். கையில் எடுத்தால் குண்டனுடையதுதான் ஜெயிக்கும். ஸ்லைடு, அதாவது மேலே முன்னும் பின்னும் ஓடும் பகுதி, உலோகம். இழுத்தால் 'சடக்' என்று வயிற்றில் கேட்கும். ட்ரிகரை அழுத்தினால் மணிக்கட்டு வரை உதை. என்னுடையதை எடுத்துப் பார்த்துவிட்டு, "இது பொம்மைடா" என்றான். பொம்மைதான். ஜப்பான் சட்டம் அப்படி. 1971-இல் கொண்டுவந்த விதிப்படி, கைத்துப்பாக்கி மாதிரியை உலோகத்தில் செய்தால் குழாயை அடைக்க வேண்டும், வெள்ளை அல்லது மஞ்சள் நிறம் அடிக்க வேண்டும். சுடுகிற சாமானில் குழாயை அடைத்துவிட்டு என்ன செய்வது? அதனால்தான் அவர்கள் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கிலேயே கைதேர்ந்தார்கள். கஞ்சத்தனம் இல்லை, மாப்ளே.

அப்புறம் அட்டையைத் தள்ளி வைத்துச் சுட்டோம். அங்கேதான் குண்டன் முகம் மாறியது.

பக்கத்தில் நின்று சுட்டபோது பெரிய வித்தியாசம் இல்லை. 20 மீட்டர் தள்ளிப் போனதும் என்னுடையது ஒரு தட்டளவுக்குள் அட்டையைத் துளைத்துக்கொண்டே இருந்தது. அவனுடையதில் ஒன்று நேராகப் போகும், அடுத்தது இடது பக்கம் வளையும், அதற்கடுத்தது வானத்துக்கு ஏறிவிடும். "காற்று அடிக்குது" என்றான். காற்று அவனுக்கு மட்டும் அடித்திருக்கிறது.

வேகத்தால் வந்த வித்தியாசம் இல்லை இது. இதை நீ நம்ப மாட்டாய் என்று தெரியும், பெட்டியில் போட்டிருக்கிற வேகத்தைத்தான் எல்லோரும் முதலில் பார்க்கிறோம். 0.20 கிராம் பிபி (சுடுகிற அந்த உருண்டைக்குப் பெயர் அதுதான்) விநாடிக்கு 100 மீட்டர் வேகத்தில் போனால் அதன் ஆற்றல் சரியாக 1 ஜூல். ஜப்பானில் 0.98 ஜூலுக்கு மேல் போகக் கூடாது, ஆகவே மருய் எப்போதும் அதற்குக் கீழேதான். குண்டனுடையது என்னுடையதைவிடக் கொஞ்சம் வேகம். ஆனால் அந்தச் சின்ன உருண்டை 20 மீட்டர் போவதற்குள் வேகத்தில் பாதிக்கு மேல் காற்றே தின்றுவிடுகிறது. சுழற்சி இல்லாமல் நேராக விட்டால் அந்தத் தூரத்துக்குள் நன்றாகவே தொங்கிவிடும். அதைத் தாங்கிப் பிடிப்பது ஹாப்-அப். பேரலின், அதாவது குழாயின், தொடக்கத்தில் மேல்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் ரப்பர், பிபியின் தலையை உரசிப் பின்புறமாகச் சுழற்றிவிடுகிறது. டேபிள் டென்னிஸில் வாத்தியார் அடிப்பாரே ஒரு கட், பந்து விழாமல் மிதந்துகொண்டே வருமே, அதே கதை. அந்த ரப்பர் நடுவில் சரியாக அமர்ந்திருந்தால் உருண்டை நேராக மிதக்கும். துளி சாய்ந்திருந்தாலும் சுழற்சியும் சாயும், உருண்டை வளைந்து ஓடும். நீ கொடுக்கிற அதிகக் காசில் பெரும்பகுதி அந்த விரல்நுனி ரப்பருக்கும் அது உட்காரும் இடத்துக்கும் போகிறது என்றே சொல்வேன்.

குண்டனுடையதைக் கழற்றிப் பார்த்தோம். ரப்பர் ஒரு பக்கமாகத் திருகி உட்கார்ந்திருந்தது, உள்ளே எண்ணெய்ப் பிசுக்கு வேறு. சிலிக்கான் எண்ணெய் மேகசினின் (பிபியும் கேஸும் நிரப்பும் டப்பா) ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்துக்குத்தான், ஹாப்-அப் ரப்பரில் பட்டால் வழுக்கும், பிபி பைத்தியம் பிடித்த மாதிரி போகும். நகல் அச்சு அசலாக மருயின் அளவில்தான் செய்யப்பட்டிருக்கிறது, அதனால் மருயின் ரப்பரே அதற்குள் பொருந்தியது. பேரலைத் துடைத்து, ரப்பரை மாற்றி, 0.25 கிராம் பிபி போட்டுச் சுட்டால், அட, இப்போது அட்டையில் விழுகிறதே! என்னுடைய அளவுக்கு இல்லை. ஆனால் குண்டன் வானத்தைச் சுடுவதை நிறுத்திவிட்டான்.

உலோக ஸ்லைடில் இன்னொரு தொல்லையும் இருக்கிறது. கனம் என்றால் அதைத் தள்ளக் கேஸ் அதிகம் வேண்டும். தொடர்ந்து சுடச் சுட மேகசின் ஜில்லென்று ஆகிவிடும், அழுத்தம் இறங்கும், ஸ்லைடு பாதியில் சோர்ந்து நிற்கும். என்னுடையதற்கும் குளிர்ச்சி வரும், ஆனால் இலேசான ஸ்லைடு சமாளித்துக்கொள்ளும். பதிலுக்கு நான் கேஸில் கவனமாக இருக்க வேண்டும். மருய் 134ஏ என்ற கேஸுக்காகச் செய்யப்பட்டது, 20 டிகிரியில் சுமார் 5.7 பார் அழுத்தம். கிரீன் கேஸ் என்று விற்பது பெரும்பாலும் புரோப்பேன், அதே வெப்பத்தில் 8 பாரைத் தாண்டும். அதைத் தொடர்ந்து அடைத்தால் பிளாஸ்டிக் ஸ்லைடு ஒருநாள் விரிசல் விட்டுவிடலாம்.

ஆக, உனக்கு மருய்தான். கழற்றி மாட்டுவதில் ஆசை உள்ளவனுக்கு நகல் நல்ல விளையாட்டு, வாங்கிய பிறகுதான் வேலையே ஆரம்பிக்கும். ரேடியோவைக் கழற்றி மாட்டிவிட்டு மூன்று ஸ்க்ரூவை வாத்தியார் மேசையில் வைத்தவன் நீ. உனக்கு அது வேண்டாம்.

இனி கொஞ்சம் கண்டிப்பாகப் பேசுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. சின்னவனும் விளையாடப் போகிறான் என்று போகிறபோக்கில் எழுதியிருந்தாய். வாங்குவதற்கு முன் உன் ஊர்ச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார். அப்புறம், வீட்டை விட்டு வெளியே போகும்போது அது பூட்டிய பெட்டியில்தான் இருக்க வேண்டும். 2014-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில், பூங்காவில் இதைப் போன்ற ஏர்சாஃப்ட் பிஸ்டலை வைத்திருந்த 12 வயதுப் பையனைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. பொம்மை என்று காட்டும் ஆரஞ்சு நிறம் அதன் முனையில் இல்லை. கார் வந்து நின்ற இரண்டு விநாடிக்குள் முடிந்துவிட்டது. அசல் மாதிரி இருக்கிறது என்று நாம் மெச்சுகிறோமே, அதே காரணம்தான். முனையில் ஆரஞ்சு நிறம் இருந்தால் சின்னவன் எவ்வளவு அழுதாலும் அழிக்க விடாதே.

கண் கவசம் இல்லாமல் யாரும் பக்கத்தில் வரக் கூடாது, வேடிக்கை பார்க்கிறவனும்தான். மூக்குக்கண்ணாடி கவசம் ஆகாது. மோதல் தாங்கும் என்று தரச்சான்று உள்ளதாகப் பார்த்து வாங்கு, கண்ணாடிக்கு மேலேயே போட்டுக்கொள்கிற வகையும் இருக்கிறது. மருயோடு சேர்த்து உனக்கும் சின்னவனுக்கும் நானே அனுப்பிவிடுகிறேன். உன் முக அகலத்தை அளந்து எழுது. அளவை நாடாவால் அளந்து எழுது, குண்டன் சொல்லும் அளவு எனக்கு வேண்டாம்.

உன்,
கட்டை