அண்ணன் சிரித்த அன்று

அன்புள்ள நண்பா,

நலம்தானே? எட்டு மாதமாக எழுதாததற்குத் திட்டுவாய். முழுசாகப் படித்துவிட்டுத் திட்டு.

உன் அம்மா இறந்த அன்று என் அண்ணன் எல்லோர் முன்னாலும் சிரித்தாரே, அதைப் பற்றித்தான். மன்னிப்புக் கேட்டுத் தீர்கிற விஷயமில்லை அது. ஆனால் அது திமிரும் இல்லையாம். மூளையின் முன்மடலும் பக்கமடலும் சுருங்கிக்கொண்டே போகும் டிமென்ஷியா, நாம் மறதி நோய் என்று சொல்வோமே, அதில் ஒரு வகை. ஸ்கேன் படத்தில் நெற்றிப் பக்கம் வெடித்த வயல் மாதிரி இடைவெளி விழுந்திருக்கிறது.

"மறதியே இல்லையே டாக்டர், என் போன் நம்பரைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்" என்று வாதாடினேன். இந்த வகையில் ஞாபகம் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்குமாம். கூச்சமும் இரக்கமும்தான் முதலில் போகும். பெரும்பாலும் 45லிருந்து 65 வயதுக்குள் தொடங்குவதால் யாருக்கும் நோய் என்று தோன்றாது. "மௌனசாமிக்கு இப்போதுதான் வாய் முளைச்சிருக்கு" என்று நீதானே பட்டம் கொடுத்தாய்! அல்சைமர் நோய்க்குப் பெயர் தந்த டாக்டர் அல்சைமரே 1901இல் பார்த்த அந்த 51 வயதுப் பெண்மணியிடம், வீட்டார் ஆரம்பத்தில் கவனித்தவற்றில் ஒன்று கணவர் மேல் சந்தேகமாம். அவருடையது வேறு வகை நோய். ஆனாலும் குணம்தான் காட்டிக்கொடுத்திருக்கிறது.

போன மாதம் அண்ணி குளியலறையில் வழுக்கி விழுந்தார். மணிக்கட்டு வீங்கிக் கிடக்கிறார், கூப்பிடுகிறார். இவர் அவரைத் தாண்டிப் போய் சர்க்கரை டப்பாவைத் திறந்து ஸ்பூனால் அள்ளித் தின்கிறார். இனிப்பு மேல் வரும் அந்த வெறியும் நோயில் சேர்த்தியாம். கேட்டால், "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்." பொய் சொல்லவில்லை. தான் மாறியதே தெரியாத நோய் இது. தடுக்க மருந்து கிடையாது. எதிர்வாதம் செய்யாமல் தினமும் ஒரே நேரத்தில் ஒரே வேலை என்று வைத்தால் கொஞ்சம் அடங்கியிருக்கிறார். அண்ணி அதைக் கண்டுபிடிக்க ஒரு வருஷம் ஆனது. அந்த ஒரு வருஷமும் நான் அண்ணனோடு பேசாமல் வீம்பு பிடித்துக்கொண்டிருந்தேன். நான் படித்தவனாம்!

நீ அவரை மன்னிக்க வேண்டாம், ஒருமுறை வந்து பார்த்தால் போதும். உன்னைக் கண்டதும் சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்க்காதே. முகத்தில் ஒன்றும் தெரியாது. தலை நரைத்ததைப் பற்றி முதல் வார்த்தையிலேயே ஏதாவது சொல்வார், சிரித்துவிடு. அப்புறம், சட்டைப் பையில் மிட்டாய் வைத்துக்கொண்டு வராதே. கையை விட்டு எடுத்துவிடுவார்.

உன்
பழைய பெஞ்சுக்காரன்