அப்பாவின் வானை மீண்டும் ஓடவைத்த உங்களுக்கு

உப்புவெளி,
திருகோணமலை.

மதிப்புக்குரிய அயலவர்களுக்கும் நண்பர்களுக்கும்,

அப்பா விட்டுச்சென்ற 1973 ஆம் ஆண்டு வொக்ஸ்வாகன் கேம்பர் வானின் சைலன்சர் வேலையையும் கியர்பொக்ஸ் வேலையையும் எங்கள் முற்றத்து வேம்பின் கீழேயே முடித்துவிட்டோம். ஸ்பானர் என் கையில் இருந்தாலும், வழிகாட்டியவர்கள் நீங்கள் என்பதை ஊரறியச் சொல்லவே இம்மடலை எழுதுகிறேன்.

முதல் நன்றி எதிர்வீட்டு அக்காவுக்கு. ஹபரணையிலிருந்து திரும்பும்போது பிள்ளைகள் இருவருக்கும் தலையிடித்ததை வெயிலின் வேலை என்று நான் சொன்னபோது, "உள்ளே புகை வருகிறதா என்று முதலில் பாருங்கள் தம்பி" என்றவர் அவரே. இந்த வானில், சூடான புகைக்குழாய்களைச் சுற்றிவரும் காற்றுத்தான் குளிர்நாட்டவர்களுக்காக உள்ளே அனுப்பப்படுகிறது. உப்புக்காற்று அக்குழாய்களை அரித்துத் துளையிட்டிருந்ததால், நிறமோ மணமோ இல்லாத கார்பன் மொனொக்சைட்டு பிள்ளைகள் படுத்திருந்த இடத்துக்கே போய்க்கொண்டிருந்தது. அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது.

கிண்ணியாவிலிருந்து வந்த வெல்டிங் நானா, நம் ஊர் வெக்கைக்குச் சூடேற்றி தேவையில்லை என்று, அக்குழாய்களையும் அவற்றைச் சுற்றியிருந்த சூடேற்றும் பெட்டிகளையும் அகற்றி வெறுங்குழாய்களைப் பூட்டியதோடு, எஞ்சினைக் குளிர்விக்கும் காற்று வீணாகாதபடி அப்பெட்டிகளுக்குக் காற்று அனுப்பிய விசிறிக் கூட்டின் இரு வாய்களையும் தகட்டால் அடைத்துத் தந்தார். என் அவசரத்தால் சிலிண்டர் தலையில் ஒரு போல்ட் முறிந்தபோது, எஞ்சியிருந்த முளையின்மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்து, சூடு தணியுமுன் மெழுகுதிரியைத் தொட்டு உருகவிட்டு, மயிரிழை மயிரிழையாக அசைத்து அதை வெளியே எடுத்தார். அந்த அரைமணி நேரமும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். அதற்கு அவர் கூலி வாங்கவில்லை.

இரண்டாம் கியர் விழாததால் கியர்பொக்ஸையே மாற்றவேண்டும் என்று ஒரு கராஜில் சொல்லியிருந்தார்கள். ஓய்வுபெற்ற டிப்போ மெக்கானிக் ஐயாவோ, வானின் அடியில் படுத்து, முன்னிருந்து பின்வரை ஓடும் நீண்ட கியர்க் கம்பியை அசைத்து, அதன் இணைப்பிலிருந்த புஷ் என்ற சிறு வளையம் பொடியாகிப்போனதைக் காட்டினார். லேத் பட்டறைத் தம்பி அதை நைலோனில் கடைந்து கொடுத்தார். கியர்பொக்ஸில் ஒயில் ஊற்றும் மூடி கழலுகிறதா என்று பார்த்த பின்னரே ஒயிலை வடிக்கும் மூடியில் கைவைக்கவேண்டும் என்பதையும், அதன் காந்தத்தில் ஒட்டியிருந்த சாம்பல்நிறக் குழம்பு வெறும் தேய்மானம், உடைந்த பற்சில்லு அல்ல என்பதையும் ஐயாவிடமே கற்றேன். கியர்பொக்ஸின் உள்ளே இருக்கும் பித்தளை வளையங்களை ஜீஎல்-5 என்ற வகைக் கியர் ஒயில் கெடுத்துவிடலாம் என்று சொல்லி, ஜீஎல்-4 வகையில் மூன்றரை லீற்றரைத் தேடித்தந்த கடைப் பிள்ளைக்கும் என் நன்றி.

எண்ணெய் கசிந்த சீல் வளையத்தையும் எண்ணெயில் ஊறிய கிளட்ச் தட்டையும் மாற்ற, நூறு கிலோவுக்கு மேற்பட்ட எஞ்சினை இறக்கவேண்டியிருந்தது. வள்ளம் இழுத்துப் பழகிய திருக்கடலூர்த் தம்பிமார், ஒரே குரலில் தாளம் வைத்து, அதைப் பழைய டயர்களின்மேல் பூப்போல இறக்கினார்கள். திரும்பப் பூட்டும்போது கியர்பொக்ஸின் தண்டு கிளட்ச் தட்டுக்குள் நுழையாமல் மூன்று முறை அடம்பிடித்தது. கியரைப் போட்டுவிட்டு எஞ்சினின் பின்னாலுள்ள கப்பியைச் சற்றே திருப்பியதும் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.

கடந்த ஞாயிறு பிள்ளைகளுடன் நிலாவெளி போய் வந்தோம். யாருக்கும் தலையிடிக்கவில்லை. ஐயாவின் ஜாக்கைத் துடைத்து வைத்திருக்கிறேன். இவ்வாரம் நேரில் கொண்டுவந்து தருகிறேன்.

நன்றியுடன்,
வேப்பமரத்து வீட்டார்